இழுத்தால் சூடாகும், விட்டால் குளிரும்

கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலுதட்டில் லேசாகப் படும்படி வைத்து, சட்டென்று முடிந்த மட்டும் இழுங்கள். உதட்டில் சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே அரை நிமிடம் காற்றில் பிடித்திருந்தால் சூடு ஆறிவிடும். பிறகு கையை விட்டுவிடாமல் இழுவையை வேகமாகத் தளர்த்தி, மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது சில்லென்று இருக்கும்.

செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் செய்து காட்டவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இழுத்தால் ஏன் சுட வேண்டும், தளர்த்தினால் ஏன் குளிர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், ரப்பர் ஏன் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்ற கேள்வியில்தான் போய் நிற்போம். அதற்கான விடை, நாம் இயல்பாக நினைக்கும் விடை அல்ல.

இதை முதலில் கவனித்து எழுதியவர் ஜான் காஃப். இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற ஊர்க்காரர். குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையில் கண்பார்வையை இழந்தவர். செடிகொடிகளைத் தொட்டும் நுனிநாக்கால் தடவியும் இனம் காணும் அளவுக்குத் தொடுவுணர்வைப் பழக்கி வைத்திருந்தார். ரப்பர் அன்று ஐரோப்பாவுக்குப் புதுச் சரக்கு. பென்சில் எழுத்தை அழிக்கத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. அந்தத் துண்டைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்த எத்தனையோ பேருக்குத் தட்டுப்படாதது, உதட்டில் வைத்துப் பார்த்த காஃபுக்குத் தட்டுப்பட்டது. 1805-இல் அவருடைய குறிப்பு அச்சில் வந்தது. அதில் இன்னொரு விந்தையும் இருந்தது. எடையைக் கட்டித் தொங்கவிட்ட ரப்பர் பட்டையைச் சூடாக்கினால், அது நீளாமல் சுருங்கி எடையை மேலே தூக்குகிறது. குளிர்வித்தால் எடை இறங்குகிறது.

காஃபிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஜான் டால்டன், அணுக் கொள்கையைத் தந்தவர். டால்டனிடம் படித்தவர் ஜேம்ஸ் ஜூல். ஆற்றலின் அலகுக்கே பெயர் கொடுத்த அந்த ஜூல், காஃப் சொன்னவற்றைத் துல்லியமாக அளந்து 1859-இல் வெளியிட்டார். ஆசிரியரின் ஆசிரியர் உதட்டால் உணர்ந்ததை மாணவரின் மாணவர் கருவியால் உறுதிசெய்தார். இன்றும் அதற்கு காஃப்-ஜூல் விளைவு என்றே பெயர். ஆனால் காரணம் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

முதலில் ரப்பர் எது அல்ல என்று பார்ப்போம். ஒரு எஃகுக் கம்பியை இழுத்தால், வரிசையாக அடுக்கப்பட்ட இரும்பு அணுக்களின் இடைவெளி சற்றே கூடுகிறது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அதை எதிர்க்கிறது. விட்டதும் பழைய இடைவெளிக்கு இழுத்துக்கொள்கிறது. நாம் செய்த வேலை அந்தப் பிணைப்புகளில் சேமிக்கப்பட்டுத் திரும்பக் கிடைக்கிறது. இந்த விதமான மீட்சியில் நீட்சிக்கு இடம் மிகக் குறைவு. நல்ல ஸ்பிரிங் எஃகுகூட நூற்றில் ஒரு பங்கு நீள்வதற்குள் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இழுத்தால் திரும்பாது. ரப்பரோ ஐந்தாறு மடங்கு நீண்டுவிட்டுத் திரும்பி வருகிறது. எஃகு, ரப்பர் இரண்டில் எதற்கு மீட்சித்தன்மை அதிகம் என்று பிளஸ் ஒன் இயற்பியலில் ஒரு கேள்வி வரும். எஃகுக்குத்தான் என்பது விடை. ஒரே அளவு நீட்ட எஃகுக்கு மிகப் பெரிய விசை வேண்டும் என்பதால் அந்த விடை சரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால், ரப்பர் என்பது ஏதோ தளர்ந்துபோன எஃகு என்ற எண்ணம் மனதில் தங்கிவிடும். இரண்டும் திரும்புவது முற்றிலும் வேறு வேறு காரணங்களால்.

ரப்பரின் உள்ளே இருப்பவை மிக நீளமான மூலக்கூறுகள். ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஐசோப்ரீன் என்னும் சிறு அலகு, ஒன்றோடொன்று கோத்து ஆயிரக்கணக்கில் தொடர்கிறது. இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்பதையே வேதியியல் உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-இல் இதைச் சொன்னபோது, சிறு மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் இவர் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று பெரிய பெரிய வேதியியலாளர்கள் எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் அவர் விடாமல் வாதாடினார். நோபல் பரிசு 1953-இல் அவரைத் தேடி வந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

இந்த நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய தடையில்லாமல் திரும்பக்கூடியது. அறை வெப்பத்தில் எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியும் ஓயாமல் உதறிக்கொண்டும் முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நாலா பக்கமும் இடித்துத் தள்ளும்போது அந்த வரிசை நேராக நிற்குமா? வளைந்து நெளிந்து, இரு முனைகளும் நெருங்கி வந்துவிடும். முனையில் நிற்கும் இரண்டு பிள்ளைகளையும் நாம் பிடித்துக்கொண்டிருந்தால் நம் கையை அவர்கள் உள்நோக்கி இழுப்பது தெரியும். பிள்ளைகளில் யாரும் வேண்டுமென்று இழுக்கவில்லை. கூட்டத்தின் இடி, வரிசையின் வழியாக இழுவையாக மாறி நம் கைக்கு வருகிறது. ரப்பரில் நாம் உணரும் இழுப்பு இதுதான்.

இதை எண்ணியே பார்த்துவிடலாம். ஒரு தாளில் பத்துக் கண்ணிகள் உள்ள சங்கிலியை வரையுங்கள். ஒவ்வொரு கண்ணியும் இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் போகலாம் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,024 விதமாக அதை அமைக்கலாம். அவற்றில் சங்கிலி வலப்பக்கம் முழு நீளத்துக்கு நீண்டு கிடப்பது ஒரே ஒரு விதம். போன வழியே திரும்பி வந்து இரு முனைகளும் ஒரே இடத்தில் சேர்வதோ 252 விதம். கண்ணிகளைப் பத்திலிருந்து நூறாக்குங்கள். முழுதாக நீள்வதற்கு அப்போதும் ஒரே வழிதான். முனைகள் சேர்வதற்கான வழிகளின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் 29 சுழியங்கள் போடும் அளவுக்குப் போய்விடும். ரப்பர் மூலக்கூறில் இருப்பதோ ஆயிரக்கணக்கான கண்ணிகள்.

நீண்ட நிலையை அந்தச் சங்கிலி வெறுக்கவில்லை. சுருண்ட நிலையில் அதற்குத் தனிச் சுகம் எதுவும் இல்லை. இரண்டிலும் அதன் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே. சுருண்டிருக்க வழிகள் கோடானுகோடி, நீண்டிருக்க வழிகள் சொற்பம். ஓயாமல் உதறிக்கொண்டிருக்கும் ஒன்று, வழிகள் அதிகமுள்ள பக்கமே போய்ச் சேரும். இப்படி வழிகளின் எண்ணிக்கையை அளக்கும் அளவைத்தான் இயற்பியலில் என்ட்ரோபி என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கைக் கணக்கு ஒன்று, நம் விரலைப் பிடித்து இழுக்கும் விசையாக வந்து நிற்கிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும்போது வரும் சிலிர்ப்பு, எத்தனை முறை யோசித்தாலும் எனக்குக் குறைவதில்லை. 1930-களின் முதற்பாதியில் கர்ட் மேயர், வெர்னர் குன், வியன்னாவிலிருந்த யூஜின் குத், ஹெர்மன் மார்க் ஆகியோர் இந்தக் கணக்கை முறையாகப் போட்டுக் காட்டினார்கள்.

உதட்டுச் சோதனை இப்போது விளங்கிவிடும். ரப்பரை இழுக்கும்போது நாம் ஒரு வேலை செய்கிறோம். எஃகில் என்றால் அது பிணைப்புகளில் தங்கியிருக்கும். இங்கே பிணைப்புகள் அதிகம் நீளவில்லை, அங்கே சேமிக்க இடமில்லை; வேலை முழுக்க வெப்பமாக வெளியே வருகிறது, உதடு சுடுகிறது. தளர்த்தும்போது சங்கிலிகள் சுருண்டு நம் கையை இழுக்கத் தேவையான ஆற்றலை ரப்பரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, உதடு குளிர்கிறது. தொங்கும் எடை சூட்டில் மேலே ஏறுவதும் இதே கணக்குதான். சூடு ஏற ஏறக் கண்ணிகளின் உதறல் கூடும், உதறல் கூடினால் இழுப்பும் கூடும். மூடிய பாத்திரத்தில் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறுகிறதே, அதே விதி. பட்டையை ஒன்றரை, இரண்டு மடங்காவது நீட்டி வைத்துச் செய்தால்தான் இது தெளிவாகத் தெரியும். லேசாக மட்டும் நீட்டியிருந்தால் எல்லாப் பொருளுக்கும் உள்ள சாதாரண வெப்ப விரிவு இதை மறைத்துவிடும்.

ரிச்சர்ட் ஃபைன்மன் தன் புகழ்பெற்ற இயற்பியல் விரிவுரைகளில் இதை வைத்தே ஒரு எந்திரம் காட்டினார். ஒரு சைக்கிள் சக்கரத்தில் கம்பிகளுக்குப் பதிலாக ரப்பர் பட்டைகளைக் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் விளக்கால் சூடாக்க வேண்டும். அந்தப் பக்கத்து ரப்பர்கள் சுருங்கி விளிம்பை அச்சின் பக்கம் இழுக்க, சக்கரத்தின் எடை ஒரு புறம் சாய்ந்து, அது மெல்லச் சுழலத் தொடங்கும். சுழலும்போது சூடான பட்டைகள் நகர்ந்து ஆறிவிட, புதிய பட்டைகள் விளக்கின் முன்னால் வரும். விளக்கு எரியும்வரை சக்கரம் சுற்றும். இதன் திறன் மிகக் குறைவு, மோட்டாருக்கு மாற்றாகாது. ஆனால் இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்முன் நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

அதே ஃபைன்மன், பிற்பாடு ரப்பரை வைத்து உலகமே பார்த்த இன்னொரு சோதனையைச் செய்ய நேர்ந்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் பகுதிகளை இணைக்கும் மூட்டுகளில், சுமார் 12 அடி விட்டமுள்ள, விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் வளையங்கள் இருந்தன. ராக்கெட் எரியத் தொடங்கும் கணத்தில் மூட்டு சற்றே விரிவடையும். அந்தக் கணத்திலேயே வளையமும் புடைத்து இடைவெளியை அடைக்க வேண்டும். முந்தைய இரவு ஏவுதளத்தில் உறைபனி. குளிரில் கண்ணிகளின் உதறல் மந்தப்பட்டுவிடும். பொருள் ரப்பராக இருந்தாலும் ரப்பராக நடந்துகொள்ளாது. விசாரணைக் குழுவின் கூட்டத்தில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால், ஃபைன்மன் அந்த வளையத்தின் ஒரு துண்டைச் சிறு இடுக்கியில் நசுக்கி, மேசையிலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். சிறிது நேரம் கழித்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, துண்டு உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. சில விநாடிகள் அப்படியே நசுங்கிக் கிடந்தது. ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டதோ விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் கிடைக்கும் மீட்சி. குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சிலர் முந்தைய இரவே மன்றாடியிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இன்னும் குளிரவைத்தால் எல்லா ரப்பரும் கண்ணாடியாகிவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த ரப்பர் பந்தைத் தரையில் அடித்தால் துள்ளாது, சில்லுச் சில்லாக உடையும்.

சங்கிலிகள் சுருள விரும்புவது மட்டும் போதாது. அவை ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போய்விடாமலும் இருக்க வேண்டும். மரத்திலிருந்து எடுத்த பச்சை ரப்பரில் அந்தப் பிடிப்பு இல்லை. வெயிலில் பிசுபிசுவென்று இளகும், குளிரில் விறைக்கும். 1820-களில் பிரிட்டனில் விற்ற ரப்பர் மழைக்கோட்டுகளுக்கு இந்தக் கதிதான். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் தீர்ந்துவிடுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைப் பிணைத்து, மொத்த ரப்பரையும் ஒரே வலையாக்கிவிடுகின்றன. பிணைப்புகள் அளவாக இருந்தால் டயர், அளவு மீறினால் எபனைட் என்னும் கடினப் பொருள். திருவள்ளூரில் கையால் கடைந்து செய்கிறார்களே மைப்பேனா, அது எபனைட்தான். குட்இயர் கடனாளியாகவே 1860-இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் தொடங்கியது 1898-இல். அவருக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. இதற்கெல்லாம் 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே மெக்சிகோவின் பழங்குடி மக்கள், இரவில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு கொடியின் சாற்றைப் பச்சை ரப்பர் பாலோடு கலந்து, நன்றாகத் துள்ளும் பந்துகளைச் செய்திருக்கிறார்கள். குட்இயரின் கதையைச் சொல்பவர்கள் அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமேசான் காட்டு மரம் நம் பக்கம் வந்தது 1876-இல். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹா அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டது. அதன் பிறகு மலாயாவிலும் இலங்கையிலும் காடழித்துத் தோட்டம் போட்டு, பால் வெட்டி, உலகத்துக் கார்களை ஓடவைத்தவர்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அவர்களுடைய கைவேலையில் இருந்த நுட்பத்தைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, கீழே இடப்பக்கமிருந்து மேலே வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அதனால் வெட்டு மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கம் இறங்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் மரம் வளர்கிற படலம் காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். குறைவாக இறங்கினால் பால் வராது. இதை விடிவதற்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் குழாய்களில் அழுத்தம் குறைந்து, சிரட்டையில் சொட்டும் பாலும் குறைந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் இப்படித்தான் வெட்டுகிறார்கள். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர்.

செயற்கை ரப்பர்கள் எத்தனையோ வந்தும் விமான டயருக்கு இயற்கை ரப்பரே விரும்பப்படுகிறது. அதன் சங்கிலிகள் ஒரே சீரானவை என்பதால், அதிகம் இழுபடும் இடத்தில் அவை ஒன்றோடொன்று வரிசைப்பட்டுப் படிகமாகிவிடுகின்றன. ஒரு விரிசலின் முனையில்தான் இழுப்பு மிக அதிகம்; அங்கே ரப்பர் தானாகவே கெட்டிப்பட்டு விரிசல் பரவாமல் தடுக்கிறது.

சங்கிலிகளின் உதறலையே மீட்சியாக்கும் இந்த உத்தியை உயிர்கள் நமக்கு வெகு காலம் முன்பே கையாண்டுவிட்டன. வெட்டுக்கிளியின் இறக்கை மூட்டில் ரெசிலின் என்ற புரதம் இருக்கிறது. 1960-இல் டார்கெல் வைஸ்-ஃபோக் இதைக் கண்டறிந்து விவரித்தார். இழுக்கச் செலவிட்ட ஆற்றலில் 97 சதவீதம் வரை அது திருப்பித் தருகிறது. நம் உடம்பில் இருப்பது எலாஸ்டின். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரில் அது அடுக்கடுக்காக இருக்கிறது. இதயம் சுருங்கி ரத்தத்தைப் பீய்ச்சும்போது தமனி விரிகிறது. இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் தமனி சுருங்கி அந்த ரத்தத்தை மேலும் தள்ளுகிறது. விட்டுவிட்டு அடிக்கும் இதயத்திலிருந்து இடைவிடாத ஓட்டம் கிடைப்பது இதனால்தான். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை, எழுபது ஆண்டுகளில் 250 கோடி முறைக்கும் மேல் இந்த விரிதலும் சுருங்கலும் நடக்கிறது. ரப்பரில் கந்தகம் செய்யும் பிணைப்பு வேலையை இங்கே லைசின் என்ற அமினோ அமிலங்கள் நான்கு கூடிச் செய்கின்றன. எலாஸ்டின் சங்கிலிகள் உதறித் துடிக்கச் சுற்றிலும் தண்ணீர் வேண்டும். உலர்த்திவிட்டால் அதுவும் கண்ணாடியைப் போல் உடையும்.

இவ்வளவு உழைக்கும் எலாஸ்டினை நம் உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே செய்து முடித்துவிடுகிறது. பெரியவர்களான பிறகு புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. சிறு வயதில் அமைந்த அதே இழைகள்தான் அறுபது வயதிலும் இழுபட்டுச் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக அவை அறுந்து நைந்து, அவற்றின் சுமை பக்கத்திலிருக்கும் கொலாஜன் இழைகள் மீது விழுகிறது. கொலாஜன் வலுவானது, ஆனால் அவ்வளவாக நீளாது. விரிய முடியாத தமனிக்குள் இதயம் ரத்தத்தைப் பீய்ச்சும்போது அழுத்தம் எகிறுகிறது. சுருங்கித் தள்ள எதுவும் இல்லாததால் ஓய்வு நேரத்தில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. வயதானவர்களுக்கு ரத்த அழுத்தத்தில் மேல் எண் ஏறி, கீழ் எண் குறைந்து, இடைவெளி அகலமாகக் காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். சோதனைக்கூடத்தில் செல்களை வளர்த்து ரத்தக்குழாய் செய்ய முயல்கிறவர்களும் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள். கொலாஜனை அந்தச் செல்கள் தாராளமாகச் சுரக்கின்றன. கருவிலிருக்கும் குழந்தை சுலபமாகச் செய்துவிடுகிற எலாஸ்டின் அடுக்குகளை, வளர்ந்த மனிதரின் செல்களைக் கொண்டு அதே ஒழுங்கில் செய்யவைப்பது இன்னும் அரும்பாடாகவே இருக்கிறது.